காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று

மேஜைத்துணியில் சிந்திய மெழுகை எடுப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். அவசரப்பட்டுச் சுரண்டினால் துணி நூல் நூலாகப் பிரிந்துவிடும். சுரண்டாமல் அப்படியே மிஷினில் போட்டால் மெழுகு மற்ற துணிகளிலும் அப்பிக்கொண்டு, முதலாளியம்மாவிடம் நாள் முழுக்க அர்ச்சனை வாங்க வேண்டியதுதான். இறுகிக் கிடக்கும்போதே மொக்கைக் கத்தியை ஓரத்தில் கொடுத்து மெல்ல நெம்பினால் சில்லுச் சில்லாகக் கழன்று வரும். அந்த வேலைக்கு லாண்டரியில் அக்காதான். எங்கள் தெருவில் எல்லோரும் அவளை லாண்டரி அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

துணிகள் மேட்டுத்தெரு ஓட்டலிலிருந்து வரும். நன்றாக எரிகிற விளக்கை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, தட்டில் கிடப்பது மீனா கறியா என்று தெரியாமல் சாப்பிடுவதற்கென்றே அந்த ஓட்டலுக்கு ஆட்கள் வந்தார்கள். அவர்கள் சிந்திவிட்டுப் போன மெழுகு இத்தனை வருஷமும் குப்பைக்குத்தான் போனது. இந்தக் குளிர்காலத்தில்தான் அக்கா ஒரு பால்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து, சில்லுகளை அதில் போட ஆரம்பித்தாள்.

"என்னக்கா, மெழுகு சேர்த்து மாளிகை கட்டப் போறியா?" என்று இஸ்திரிக்காரர் கேட்டார். தலை பாதி நரைத்த மனுஷன், அக்காவுக்குத் தம்பி முறையாகிவிட்டவர்.

"கட்டினா உனக்கும் ஒரு ரூம் தர்றேன் தம்பி. இப்ப அந்தக் காலரைத் தீயவிடாம தேய்."

"இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன். எதுக்கு இது?"

"வீட்ல அடுப்பு பத்தவைக்க. அவருக்கு."

இஸ்திரிக்காரர் அதற்குமேல் கேலி பேசவில்லை. மறுநாளிலிருந்து தன் மேஜைக்கு வரும் துணியில் தப்பி ஒட்டியிருந்த மெழுகையும் பிய்த்து அந்த டப்பாவில் போட்டார்.

அவர் என்று அக்கா சொன்னது அவள் புருஷனை. கடைவீதி பேக்கரியில் அடுப்புக்காரராக இருந்தவர். பேக்கரி என்றால் எல்லோருக்கும் மாவு பிசைகிறவர்தான் நினைவுக்கு வருவார். ஆனால் அங்கே விறகு அடுப்பு. அறை அளவுக்குச் செங்கல் வைத்துக் கட்டியது. அதை விடியுமுன் மூட்டி, தணலைப் பரப்பி, கையை உள்ளே நீட்டிச் சூடு பார்த்து, இனி ரொட்டியை உள்ளே தள்ளலாம் என்று சொல்ல ஒரு ஆள் தனியாக வேண்டும். அந்த ஆள் இவர். அவர் தலையசைக்காமல் முதலாளியே ஒரு ரொட்டியை உள்ளே வைக்க முடியாது. அவருடைய வாழ்க்கையில் ஊருக்கு முன்னால் எழுந்து, ஊருக்காக நெருப்பு மூட்டிய நாட்கள்தான் அதிகம்.

மழை முடிகிற சமயத்தில், விறகைத் தள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் திரும்பி வந்தது, தடியை ஊன்றி வீட்டுக்குள் நடக்கலாம். கை வரவில்லை. பேச்சு, ஒவ்வொரு சொல்லாகத் தேடிப்பிடித்துத்தான் வந்தது. பேக்கரியில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, ஊருக்கு ரொட்டி வேண்டும்.

வீடு வரிசையில் கடைசி. பின்சுவர் மேட்டின் மண்ணோடு ஒட்டிக் கட்டியது. மழைக்காலத்தில் குடித்த தண்ணீரை அது குளிர்காலம் முழுக்கக் கக்கிக்கொண்டிருக்கும். முன்னறையில் ஒரு இரும்பு அடுப்பு, சுவரைத் துளைத்து வெளியே போகும் புகைக்குழாய். சமையலுக்கு மூலையில் ஒற்றை கேஸ் அடுப்பு உண்டு. ஆனால் அறைக்குச் சூடு வேண்டுமென்றால் விறகுதான்.

லாண்டரியில் பாய்லரைக் கிளப்ப அக்கா இருட்டோடு கிளம்ப வேண்டும். அப்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அடுப்பை மூட்டிவிட்டுப் போனால் என்ன என்று கேட்கலாம். ஒரு தடவை போனாள். அடுப்பிலிருந்து ஒரு பொறி தெறித்துப் போர்வையில் விழுந்து, அதை உதறக்கூட முடியாமல் அவர் கிடந்து, தொடையில் வெந்த தழும்பு இன்னும் இருக்கிறது. அவர் தூங்கும்போது வீட்டில் நெருப்பு கூடாது என்று அன்றோடு அக்கா முடிவு கட்டிவிட்டாள். அவர் எழுந்த பிறகு அவரே மூட்டிக்கொள்ள வேண்டும்.

அதுதான் முடியவில்லை. ஒரு கையால் காகிதம் கசக்கி, சிராய் அடுக்கி, தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டே குச்சியை உரச முடியாது. எப்படியோ பற்றினாலும் ஊத வேண்டும். வாய் ஒரு பக்கம் கோணிப் போனதால் ஊதினால் காற்று கன்னத்து வழியாகப் போய்விட்டது. ஊரின் பெரிய அடுப்பை மூட்டிய மனுஷன், கைப்பெட்டி அளவு இரும்பு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, அணைந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதை அக்கா ஒருநாள் மத்தியானம் திடீரென்று வந்தபோது பார்த்தாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளாமல், ஏதோ மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய், லாண்டரிக் கழிவறையில் நின்று அழுதாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எதிர்ப்புறத்து முட்டைக்கடைக்குப் போனாள்.

"அக்கா, அந்தக் காகித அட்டைத் தட்டு கிழிஞ்சது இருந்தா குடேன்."

"முட்டை வாங்காம தட்டு மட்டும் கேக்கற ஆளை இன்னிக்குத்தான்டி பாக்கறேன்," என்றாள் முட்டைக்கடைக்காரி. "எதுக்கு?"

"குழி குழியா இருக்குல்ல? அதுல மரத்தூளைப் போட்டு மெழுகை ஊத்திக் கட்டியாக்கிட்டா, ஒரு குச்சி போதும். ஊதவே வேணாம். காகிதம் சட்டுனு பிடிக்கும், மெழுகு நின்னு எரியும். அதுக்குள்ள விறகு பிடிச்சுக்கும்."

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. மெழுகு ஒட்டின துணி எவ்வளவு வேகமா எரியும்னு லாண்டரியில ஒரு தடவை பாத்தேன். முதலாளியம்மா என்னைக் கொல்லாம விட்டது அதிசயம்."

"பிளாஸ்டிக் தட்டு நிறைய கெடக்கு, வேணுமா?"

"ஐயோ, அது வேணாம். உருகி நாறும். காகிதம்தான்."

இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னவள் அடுத்து செய்த காரியம்தான் வேடிக்கை. மரத்தூள் அன்று கிடைக்கவில்லை. லாண்டரியில் துணி உலர்த்தும் மிஷினின் வலையில் மெத்தென்று பஞ்சுத்தூசி படியும். தினமும் உரித்துப் போடுவார்கள். காசில்லாமல் கிடைக்கிற பஞ்சு, கொழுந்துவிட்டு எரியுமே என்று பை நிறைய அள்ளிக்கொண்டு வந்து, குழிகளில் திணித்து மெழுகை ஊற்றிவிட்டாள். அன்றைக்கு மிஷினில் ஓடியது விடுதிக் கம்பளிப் போர்வைகள். பேருக்குத்தான் கம்பளி, அத்தனையும் நைலான். வருஷக்கணக்கில் துணியைத் தொட்டே எந்தத் துணி என்று சொல்கிறவளுக்குத் துணி உதிர்த்த தூசியைப் பார்த்து அது உறைக்கவில்லை.

கட்டியைப் பற்றவைத்ததும் கரும்புகை. நெருப்பு பச்சையாகவும் நீலமாகவும் நின்றது. அவர் நாற்காலியில் இருந்தபடி மூக்கைச் சுளித்தார்.

"நா... நாத்தம்."

"கொஞ்ச நேரம் பொறுங்க, சரியாயிடும்."

"செருப்பு... எரிக்கிறியா?"

வாதம் வந்த பிறகு அவர் பேசிய முதல் கிண்டல் அது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டே அக்கா சிரித்தாள். அவரும் பாதி வாயால் சிரித்தார்.

அதற்குப் பிறகு பருத்திப் படுக்கை விரிப்பும் டவலும் ஓடுகிற நாட்களில் மட்டும் பஞ்சை எடுத்தாள். தச்சுப் பட்டறையில் மரத்தூள் வாங்கும்போதும், பாலிஷ் போட்ட மரமா வெறும் மரமா என்று கேட்டுத்தான் பையை விரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க அந்த வேலைதான். அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அதற்குள் டப்பாவை இறக்கி மெழுகை உருக்குவாள். நேரே தீயில் வைத்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். உருகும்போது ஓட்டல்காரர்கள் சிந்திய சாம்பாரா சாறா, ஏதோ ஒரு வாசனை வரும். காய்ந்த ஆரஞ்சுத் தோலைப் பொடித்து, தூளோடு கலந்து குழிகளில் தளர்வாகப் போட வேண்டும். இறுக்கித் திணித்தால் காற்று போகாமல் அவிந்துவிடும். ஊற்றிய மெழுகு இறுகுவதற்குள் ஒவ்வொன்றிலும் ஒரு அட்டைத் துண்டைத் திரிபோல நட்டு நிறுத்துவாள். அவசரத்தில் விரல்களில் மெழுகு கொட்டிக்கொள்ளும். "ஸ்ஸ்" என்று உதறிக்கொண்டே அடுத்த குழிக்குப் போவாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.

செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லி, தீப்பெட்டியை ஒரு பலகையில் வைத்து ஆணியடித்து வாங்கினாள். பலகையை அடுப்புக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியாயிற்று. இனி இடது கை ஒன்று போதும்.

"காலைக்கு ஒண்ணு, மத்தியானத்துக்கு ஒண்ணு," என்று தினமும் கிளம்பும்போது தட்டில் இரண்டு கட்டிகளை வைப்பாள். விறகு சிறிதாகப் பிளந்து வைத்திருப்பாள். காலையில் மூட்டினால் மத்தியானம்வரை தாங்கும், அணைந்த பிறகு அடுத்தது.

முதல் நாள் சாயங்காலம் கதவைத் திறந்தபோது முகத்தில் சூடு வந்து மோதியது. அடுப்பு சிவந்து எரிந்துகொண்டிருந்தது. தட்டு காலி. அக்கா நனைந்த புடவையோடு அப்படியே நின்றாள்.

"பத்திக்கிச்சாங்க?"

அவர் பெருமையோடு தலையசைத்தார். அடுப்பின்மேல் அவளுக்காகத் தண்ணீர்கூடச் சூடாகிக்கொண்டிருந்தது. கையையும் காலையும் அதில் கழுவியபோது அவளுக்கு உயிர் வந்தது. லாண்டரியில் நாள் முழுக்கத் தண்ணீருக்குள்தான் நிற்பாள். ரப்பர் பூட்ஸ் இருந்தும் முழங்காலுக்குமேல் நனைந்துவிடும்.

அன்றிலிருந்து எல்லா நாளும் அப்படித்தான். சாயங்காலம் சூடான வீடு, காலித் தட்டு. தட்டு காலியானால் அடுப்பு எரிந்தது என்று அர்த்தம். அந்தக் கணக்கை அவள் சந்தேகிக்கவே இல்லை. அவளுடைய ஒரே கவலை மெழுகு. ஓட்டலுக்குக் கூட்டம் குறைந்த வாரங்களில் டப்பா நிரம்பாது. தெருவில் வீடு வீடாகப் போய், கரண்ட் போனபோது எரித்த மெழுகுவர்த்தி அடி இருக்கிறதா என்று கேட்டாள். தபால்காரர் வீட்டில் பிறந்தநாள் கேக்கில் குத்தியிருந்த ஈர்க்குச்சி மெழுகுகளைக்கூட விடவில்லை.

"இப்படி அலையறியே, ஒரு நாளைக்கு ஒரு கட்டியோட நிறுத்தக் கூடாதா?" என்றாள் முட்டைக்கடைக்காரி.

"ஒண்ணு பத்தாதுக்கா. நாள் பூரா அந்தச் சுவத்துக்குப் பக்கத்துல உக்காந்திருக்கணுமே அவரு."

குளிர் உச்சத்துக்கு வந்தபோது அவருக்கு இருமல் ஆரம்பித்தது. வெறும் இருமல்தான் என்றார். பிறகு காய்ச்சல். ஒருநாள் சாயங்காலம் வந்தபோது அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அவர் அதன் பக்கத்தில் தரையில் சுருண்டு கிடந்தார். மூச்சு கொரகொரவென்று இழுத்தது. இஸ்திரிக்காரரும் செருப்புத் தைக்கிறவரும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு அக்காவை வெளியே கூப்பிட்டார்.

"நுரையீரல்ல சளி கட்டியிருக்கு. எப்பவும் குளிர்லயே இருக்காரா?"

"இல்லங்க டாக்டர். அடுப்பு காலையிலிருந்து எரியுது."

"அப்படித் தெரியலையே. காலெல்லாம் வெடிச்சு, விரல் நுனி நீலம் பாரிச்சிருக்கு. இது ஒரு நாள் ரெண்டு நாள் குளிர் இல்லம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தடவை காப்பாத்திடலாம். ஆனா இவர் உடம்பு இன்னொரு தடவை தாங்காது. வீட்டுக்குப் போனா பகல் முழுக்கச் சூட்டுல இருக்கணும். அது முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க."

"முடியும்ங்க," என்றாள் அக்கா. சொல்லும்போதே அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

மறுநாள் போர்வை எடுக்க வீட்டுக்கு வந்தாள். முட்டைக்கடைக்காரி கடையை விட்டு எழுந்துவந்தாள்.

"எப்படிடி இருக்காரு?"

"இருக்காருக்கா. டாக்டர் என்னென்னவோ சொல்றாரு. குளிர்லயே இருந்தாராம். நான் இவ்வளவு பாடுபட்டு..."

முட்டைக்கடைக்காரி முகம் ஒரு மாதிரி ஆனது.

"உங்கிட்ட சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். நீ மனசு கஷ்டப்படுவேன்னுதான்... உங்க வீட்டுக் குழாயில புகை பகல்ல வராதுடி."

"என்னக்கா சொல்றே?"

"பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைங்க போகும்ல, அதுக்கப்புறம்தான் வரும். நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி. தினமும் அப்படித்தான். விறகை மிச்சம் பிடிக்கறாரு போலன்னு நான் நினைச்சுக்கிட்டேன்."

அக்கா வீட்டுக்குள் போனாள். அடுப்பை ஒட்டிய சுவரில் கையை வைத்தாள். நாள் முழுக்க எரிகிற அடுப்பென்றால் அங்கே ஈரம் எப்போதோ காய்ந்து சுவர் வெளுத்திருக்க வேண்டும். கையில் தண்ணீர் ஒட்டியது. சாயங்காலம் வந்ததும் தன் முகத்தில் அடித்த சூட்டிலேயே மயங்கி, அந்தச் சுவரை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கட்டிலுக்கடியில் குனிந்தாள். பழைய பிஸ்கட் டின் ஒன்று சுவர் ஓரமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. இழுத்துத் திறந்தால், வாய்வரை கட்டிகள். அவள் விரல் சுட்டுக்கொண்டு ஊற்றிய கட்டிகள். காலைக் கட்டிகள் அத்தனையும் இருந்தன.

ஆஸ்பத்திரிக்கு அந்த டின்னையே தூக்கிக்கொண்டு போனாள். அவருக்குக் காய்ச்சல் இறங்கியிருந்தது, விழித்திருந்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள் என்றுகூட அவள் நினைக்கவில்லை.

"என்னங்க இது? சொல்லுங்க, என்ன இது? நான் ஊர் பூரா பிச்சையெடுக்கற மாதிரி மெழுகு கேட்டு அலையறேன், நீங்க கட்டிலுக்கடியில சேர்த்து வைக்கறீங்களா? சாகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா? அப்படின்னா சொல்லிடுங்க, நானும் நிம்மதியா வேலையைப் பாக்கறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணை மூடாதீங்க. எனக்குப் பதில் வேணும்."

வெகுநேரம் உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

"நீ... நனைஞ்சு... வருவே."

"நான் நனைஞ்சா என்ன?"

"எனக்கு... ஒருத்தனுக்கு... எதுக்கு... நெருப்பு?"

அக்கா டின்னை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மனுஷன் அவ்வளவு குளிரிலும் நாள் முழுக்க உட்கார்ந்திருந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் சத்தம் கேட்டதும் எழுந்து, அவளுக்காக மூட்டியிருக்கிறார். அவள்மேல் அவருக்கு இவ்வளவு இருந்தது என்பதில் சந்தோஷப்படக்கூட அவளால் முடியவில்லை. அந்த அன்பே ஆளைக் கொன்றுவிடும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், சத்தியம் வாங்கினாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முட்டைக்கடைக்காரி காலையில் வந்து மூட்டிவிட்டுப் போவாள். அவள் தெருவைக் கடந்ததும் அவர் தடியால் விறகைப் பிரித்துவிட்டு அடுப்பின் வாயை மூடிவிடுவார். தணல் செத்துவிடும். ஆயுசு முழுக்க நெருப்பை ஆண்டவருக்கு அதை அணைக்கவா தெரியாது?

"ஊருக்கெல்லாம் எரிச்ச ஆளு தம்பி," என்று அக்கா இஸ்திரிக்காரரிடம் சொல்லி அழுதாள். "தனக்குன்னு எரிச்சுக்க மாட்டேங்குறாரு. நான் வேலையை விட்டா சோத்துக்கு என்ன பண்றது? விடலைன்னா அவரு போயிடுவாரு."

அந்த வாரம் வானம் மூடியே கிடந்தது. சில வீட்டுக்காரர்கள் கம்பளிச் சட்டைகள் கொடுத்திருந்தார்கள், உண்மையான கம்பளி. அதை மிஷினில் உலர்த்தினால் பாழாகிவிடும், கொடியில் போட்டால் காயவில்லை. முதலாளியம்மா கத்திக்கொண்டிருந்தாள்.

"நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் காயவைக்கறேன்மா," என்றாள் அக்கா. எதற்குச் சொன்னாள் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

மறுநாள் விடியுமுன் அடுப்பைச் சுற்றிக் கயிறு கட்டி, ஈரத் துணிகளைக் கூடையில் வைத்து, தூங்குகிறவரைத் தட்டி எழுப்பினாள்.

"இங்க பாருங்க. இதெல்லாம் கஸ்டமர் துணி. சாயங்காலத்துக்குள்ள காயலைன்னா முதலாளியம்மா என்னை வேலையை விட்டு நிறுத்திடுவாங்க. அடுப்பு எரிஞ்சாத்தான் காயும். உங்களால முடியுமா முடியாதா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். துணியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார்.

"கம்பளி... கிட்ட... போடாதே. தள்ளிப் போடு."

அன்று காலையிலேயே குழாயில் புகை வந்தது. அக்கா ஒரு சாக்குச் சொல்லிவிட்டு லாண்டரிப் படிக்கட்டில் ஏறிநின்று பார்த்தாள். சாயங்காலம் வந்தபோது துணியெல்லாம் காய்ந்து, ஒரு கையால் மடித்த கோணல் மடிப்போடு அடுக்கியிருந்தது. அவர் நெற்றியில் வேர்த்திருந்தது.

ஆனால் கம்பளி கொடுக்கிற வீடுகள் எத்தனை? இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது. அக்கா யோசித்தாள். லாண்டரியின் பின்னறையில் ஒரு அலமாரி உண்டு. துவைக்கக் கொடுத்துவிட்டு யாரும் திரும்பி வந்து வாங்காத துணிகள் அதில் கிடக்கும். ஊரை விட்டுப் போனவர்கள், மறந்தவர்கள், செத்தவர்கள்கூட இருக்கலாம். முதலாளியம்மாவிடம் கேட்டு அதிலிருந்து ஒரு சாம்பல்நிற ஸ்வெட்டர், நீள மப்ளர் ஒன்று, ஒரு கம்பளிப் பாவாடை, சில காலுறைகள் எடுத்துக்கொண்டாள். விடியுமுன் வாசல் குழாயடியில் உட்கார்ந்து அவற்றை நனைத்துப் பிழிவாள். ஐஸாக வரும் தண்ணீரில் விரல் மரத்து, மெழுகு சுட்ட தழும்புகள் வெடித்தன. பிழிந்ததைக் கூடையில் வைத்து உள்ளே கொண்டுபோய், "இன்னிக்கும் அவசரமாம்ங்க," என்பாள். சாயங்காலம் காய்ந்ததைக் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்புவது போலக் கிளம்பி, முட்டைக்கடையில் கொடுத்துவைப்பாள். விடியுமுன் திரும்ப வாங்கி நனைப்பாள்.

"பைத்தியக்காரி," என்றாள் முட்டைக்கடைக்காரி. ஆனால் ஒரு நாளும் மூட்டையை வாங்காமல் இருந்ததில்லை.

தட்டில் மறுபடியும் இரண்டு கட்டிகள். இப்போது உண்மையாகவே இரண்டும் எரிந்தன. அவருக்கு இருமல் நின்றது. கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. அடுப்புச் சுவர் வெளுக்க ஆரம்பித்ததை அக்கா தினமும் கையை வைத்துப் பார்த்தாள். பின்னே, ஒருதடவை ஏமாந்தது போதாதா?

குளிர் விடுகிற சமயம். ஒருநாள் சாயங்காலம் அவள் வந்தபோது அவர் சாம்பல்நிற ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றதெல்லாம் மடித்தாயிற்று. அதை மட்டும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, காயலையா?"

"காஞ்சிடுச்சு." அவர் ஸ்வெட்டரின் கழுத்தைத் தடவினார். "இந்த ஆளுக்கு... வேற சட்டை... இல்லையா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அது... அவரு லாரி ஓட்டறவருங்க. தினமும் அழுக்காயிடும்."

"லாரியா?"

"ஆமா. மலைப்பாதையில. குளிரும்ல."

அவர் ஸ்வெட்டரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பேக்கரியில் ரொட்டி வெந்த பதத்தைப் பார்க்கக்கூட அவர் அப்படித்தான் மூக்கை வைப்பார்.

"சோப்பு... வாசனையே... இல்ல."

இத்தனை வருஷம் லாண்டரியில் வேலை பார்த்தவள், சோப்பை வீணாக்க வேண்டாம் என்று வெறும் தண்ணீரில் நனைத்திருந்தாள். அடுப்புக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இனி நாளையிலிருந்து பழையபடி அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"கோவிச்சுக்காதீங்க," என்றாள். "எனக்கு வேற வழி தெரியல. நீங்க இல்லாம இந்த வீட்டுக்கு நான் யாரைப் பாக்க வர்றது?"

அவர் இடது கையை நீட்டி அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் இழுத்துவைத்தார். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடித்து, ரத்தம் கட்டி, தோல் உரிந்து கிடந்த விரல்கள். ஸ்வெட்டரை அதன்மேல் போட்டு மூடினார்.

"நாளைக்கு..." என்றார். சொல் கிடைக்காமல் கொஞ்ச நேரம் திணறினார். "நாளைக்கு... வெந்நீர்ல நனை."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"கம்பளியை வெந்நீர்ல போட்டா சுருங்கிடும்ங்க."

"சுருங்கட்டும்," என்றார் அவர்.